நரம்பணுவைக் கணக்குப் போட்டுப் படிக்க வைக்கும் ஓர் இணைய வகுப்பு

ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை கொண்டிருக்கிறது என்று பள்ளியில் படித்தேன். அது ஏன் 70, ஏன் 20 ஆகவோ 200 ஆகவோ இல்லை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செவிலியர் படிப்பு மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கும் வேலைக்கு வந்த பிறகும் அந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்கு நகர்வதே வழக்கமாக இருந்தது. ஒருநாள் ஒரு மாணவி அதே கேள்வியைக் கேட்டபோது, "சோடியம் பொட்டாசியம் பம்பினால்தான்" என்று தயங்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் உண்மை எவ்வளவு குறைவு என்பதை, அண்மையில் முடித்த எட்டு வார இணையவழிப் பாடத்திட்டம் ஒன்றின் இரண்டாம் வாரத்தில்தான் உணர்ந்தேன். மனித உயிரணுவின் இயக்கமும் நரம்புச் சமிக்ஞையும் பற்றிய அந்தப் பாடத்திட்டத்தின் மதிப்புரை இது. குறைகளையும் விரிவாகச் சொல்லப்போவதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன்; இதே அமைப்பில் வேறு பல வகுப்புகளும் இருக்கின்றன, அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

அமைப்பு எளியது. ஒவ்வொரு வாரமும் பத்து நிமிட அளவிலான ஏழெட்டுக் காணொளிகள், ஒரு கணக்குப் பயிற்சி, ஒரு சிறு தேர்வு ஆகியவை உண்டு. இவற்றோடு உலாவியிலேயே இயங்கும் ஒரு பாவனை மென்பொருளும் உண்டு. அதில் அயனிகளின் செறிவு, சவ்வின் ஊடுருவுதிறன் (அயனிகளை எவ்வளவு எளிதில் கடக்க விடுகிறது என்பது), வெப்பநிலை ஆகியவற்றை மாற்றினால் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்பது வரைகோடாகத் தெரியும். இந்த மென்பொருள் இல்லையென்றால் இந்தப் பாடத்திட்டத்தைப் பற்றி எழுதவே தோன்றியிருக்காது.

முதல் வாரம் ஏமாற்றம்தான். உயிரணுவை ஒரு தொழிற்சாலையாகவும், மைட்டோகாண்ட்ரியாவை மின்நிலையமாகவும், உட்கருவை மேலாளர் அறையாகவும் காட்டும் பழைய உவமையிலேயே ஐந்து காணொளிகள் கழிகின்றன. வாரத்தின் கடைசிக் காணொளியில் மட்டும் ஆசிரியர் விழித்துக்கொள்கிறார். சவ்வின் கொழுப்பு இரட்டை அடுக்கு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன் கொண்டது. அதன் இருபுறமும் 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தால், ஒரு மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் என்ற அளவில் மின்புலம் அங்கே நிலவுகிறது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் மில்லிவோல்ட் அளவு மாற்றத்துக்கே வடிவம் மாறித் திறப்பது ஏன் என்பது அந்த ஒரு கணக்கில் விளங்கிவிடுகிறது. பாடம் இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

இரண்டாம் வாரம்தான் இந்தப் பாடத்திட்டத்தின் உயிர். மென்பொருளில் முதலில் இரண்டு அறைகளும் நடுவே ஒரு சவ்வும் மட்டும் தருகிறார்கள். உள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 4. சோடியம் உள்ளே 12, வெளியே 145. சவ்வு எதையும் விடாத நிலையில் மின்னழுத்தம் சுழியாகவே நிற்கிறது, செறிவு எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் சரி. பிறகு பொட்டாசியத்துக்கு மட்டும் வழி திறக்கச் சொல்கிறார்கள். கோடு சட்டென்று கீழே இறங்கி −95 மில்லிவோல்ட்டில் நின்றுவிடுகிறது. செறிவு வேறுபாடு அயனியை வெளியே தள்ளுகிறது. அப்படி வெளியேறும் ஒவ்வோர் அயனியும் உள்ளே ஒரு எதிர்மின் சுமையை மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சம் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே அயனியைத் திரும்ப இழுக்கத் தொடங்குகிறது. இரண்டு விசைகளும் சமமாகும் புள்ளியைத் தருவதுதான் 1880களின் இறுதியில் வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாடு. சோடியத்துக்கு மட்டும் வழி திறந்தால் அதே கோடு +66க்கு ஏறுகிறது. இரண்டுக்கும் திறந்து, பொட்டாசியத்தின் ஊடுருவுதிறனைப் பல மடங்கு கூடுதலாக வைத்தால் கோடு −70ஐ ஒட்டி வந்து அமைகிறது. ஆக, 70 என்பது இரண்டு அயனிகளும் தத்தம் பக்கம் இழுக்க, வழி அதிகம் கிடைத்த பொட்டாசியத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும் ஓர் இடம், அவ்வளவே.

பம்பின் இடம் என்ன என்பதைக் காட்டும் பயிற்சிதான் என்னைத் தலைகுனிய வைத்தது. மென்பொருளில் ஊவாபெய்ன் என்ற நஞ்சைச் சேர்க்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அது பம்பை அடியோடு நிறுத்திவிடும். பொத்தானை அழுத்தியதும் மின்னழுத்தம் சரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். சில மில்லிவோல்ட் மட்டுமே அசைந்தது. உயிரணுவின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றுக்கு மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும் அந்தப் பம்பு, ஒரு சுற்றுக்கு ஒரு நேர்மின் சுமையைக் கூடுதலாக வெளியேற்றுவது உண்மைதான். ஆனால் அதன் நேரடிப் பங்கு அந்தச் சில மில்லிவோல்ட்தான். செறிவு வேறுபாட்டை நாள்தோறும் பராமரிப்பதே அதன் பெரிய வேலை. நீண்ட நேரம் மென்பொருளை ஓடவிட்டால் செறிவுகள் மெல்லக் கரைந்து, அவற்றோடு மின்னழுத்தமும் கரைவதைப் பார்க்கலாம். நண்டின் கால் நரம்புகளைக் கொண்டு இந்தப் பம்பை 1957இல் அடையாளம் கண்ட யென்ஸ் ஸ்கூவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது 1997இல், நாற்பது ஆண்டுகள் கழித்து.

இதைத் தொடர்ந்து வரும் கணக்குப் பயிற்சியை நான் இப்போது என் வகுப்பிலும் பயன்படுத்துகிறேன். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையான ஓர் உயிரணுவின் மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் மாற்ற எத்தனை அயனிகள் சவ்வைக் கடக்க வேண்டும் என்பது கேள்வி. சவ்வின் மின்தேக்குதிறன், அதாவது மின்சுமையைத் தேக்கி வைக்கும் திறன், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோஃபாரட் என்று எடுத்துக்கொண்டால், விடை சுமார் 78 லட்சம் அயனிகள். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த உயிரணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் அயனிகள் ஏறத்தாழ 35,000 கோடி. அதாவது 45,000க்கு ஒன்று நகர்ந்தாலே போதும். நரம்புத் துடிப்பின்போது "சோடியம் வெள்ளமாய் உள்ளே பாய்ந்து செறிவுகள் தலைகீழாகின்றன" என்று பல குறிப்பேடுகளில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை இந்த ஒரு கணக்கு அடித்துவிடுகிறது. ஆசிரியர் அத்தோடு நிறுத்தாமல் 0.2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மெல்லிய ஆக்ஸானுக்கும், அதாவது நரம்பணுவின் நீண்ட இழைக்கும், அதே கணக்கைப் போடச் சொல்கிறார். பரப்புக்கு ஏற்ற கொள்ளளவு அங்கே இல்லாததால் 700க்கு ஒன்று நகர வேண்டியிருக்கிறது. மெல்லிய இழைகளில் பம்பு நின்றால் விளைவு ஏன் விரைவில் தெரிகிறது என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றாம், நான்காம் வாரங்கள் செயல்நிலை மின்னழுத்தம், அதாவது நரம்புத் துடிப்பு, பற்றியவை. இங்கே வரலாற்றை அலங்காரமாக வைக்காமல் பாடத்தின் முதுகெலும்பாக்கியிருக்கிறார்கள். 1902இல் யூலியஸ் பெர்ன்ஸ்டைன், துடிப்பின்போது சவ்வு எல்லா அயனிகளுக்கும் திறந்துவிடுகிறது என்று கருதினார். அது உண்மையானால் மின்னழுத்தம் சுழி வரை மட்டுமே ஏற வேண்டும். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939இல் கணவாயின் பேராக்ஸானுக்குள் மின்முனையைச் செலுத்தி அளந்தபோது அது சுழியைத் தாண்டி நேர்மின் பக்கம் ஏறியது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த இழை கிடைக்காமல் போயிருந்தால், அக்காலத்து மின்முனைகளைக் கொண்டு அந்த அளவீட்டைச் செய்திருக்கவே முடியாது. இந்தக் கட்டத்தில் காணொளி நின்று, சுழியைத் தாண்டியதற்கு எந்த அயனி காரணமாக இருக்கும் என்று கேட்கிறது. இரண்டாம் வாரத்தில் +66 என்ற எண்ணைத் தானே வரவழைத்த மாணவருக்கு விடை கையில் இருக்கிறது. முந்தைய பயிற்சியை அடுத்த கேள்விக்குத் திறவுகோலாக்கும் இந்தக் கோர்வை எட்டு வாரமும் நீடித்திருந்தால் இந்த மதிப்புரை வெறும் பாராட்டுரையாக இருந்திருக்கும்.

மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் முறையை விளக்கும் இருபது நிமிடக் காணொளி, பாடத்திட்டத்திலேயே நீளமானது. இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் அலுக்கவில்லை. மின்னழுத்தம் மாறினால் சவ்விலுள்ள கால்வாய் (அயனிகளுக்கு வழிவிடும் புரதம்) திறக்கிறது, கால்வாய் திறந்தால் மின்னழுத்தம் மாறுகிறது என்ற சுழலில் எது காரணம் எது விளைவு என்று பிரிக்க முடியாது. ஆகவே ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றதைப் பார்க்கிறார்கள். அப்படிக் கிடைத்த அளவீடுகளைச் சமன்பாடுகளாக்கி, 1952இல் வெளியிட்ட ஆய்வுகளுக்காக ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்குப்பொறியில் வாரக்கணக்கில் உழைத்து ஒரு துடிப்பின் வடிவத்தைக் கணித்தார். அந்தச் சமன்பாடுகள்தாம் இந்த மென்பொருளுக்குள் ஓடுகின்றன. சோடியம் கால்வாய்க்குத் திறக்கும் வாயில், அடைக்கும் வாயில் என இரண்டு இருப்பதையும், இரண்டாவது மெதுவாக இயங்குவதையும், அது மீண்டு வரும்வரை அடுத்த துடிப்புக்கு இடமில்லை என்பதையும் மென்பொருளில் கைவைத்துப் பார்த்த பிறகு, எந்தத் தூண்டுதலுக்கும் பதிலளிக்காத இடைவெளி என்பது மனப்பாடப் பகுதியாக இல்லாமல் போகிறது.

மருத்துவத் துறையினர் தவறவிடக்கூடாத பயிற்சி நான்காம் வார இறுதியில் வருகிறது. வெளியே உள்ள பொட்டாசியத்தை 4இலிருந்து 8க்கு உயர்த்தச் சொல்கிறார்கள். பொட்டாசியத்தின் சமநிலைப் புள்ளி −95இலிருந்து −77க்கு ஏறுகிறது. ஓய்வுநிலையும் அதன் பின்னால் ஏறுகிறது. துடிப்பு எழும் தொடக்க எல்லைக்கு அருகில் வந்துவிட்டதால் உயிரணு எளிதில் கிளர்ச்சி அடைய வேண்டும் என்றுதான் தோன்றும், முதலில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த நிலையிலேயே நீடித்தால் சோடியம் கால்வாய்களில் ஒரு பகுதி அடைபட்டுப்போய், துடிப்பு மெதுவாகி, இன்னும் உயர்த்தினால் துடிப்பே எழுவதில்லை. சிறுநீரகம் செயலிழந்த நோயாளியின் இரத்தத்தில் பொட்டாசியம் உயரும்போது இதயத்தைப் பற்றி ஏன் பதறுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

இதே மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. செறிவுகள் மனித உயிரணுவுக்குரியவை, விரிவுரையில் பேசப்படுவது 37 டிகிரி செல்சியஸ். ஆனால் உள்ளே ஓடும் சமன்பாடுகள் கணவாய் ஆக்ஸானுக்காக 6.3 டிகிரியில் வகுக்கப்பட்டவை. மனித உடல் என்பதால் வெப்பநிலையை 37க்கு நகர்த்தினேன். துடிப்பு சிறுத்துத் தட்டையாகிவிட்டது. என் கணினியில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுவதையும் வீணாக்கிய பிறகே காரணம் பிடிபட்டது. வெப்பம் கூடக்கூட வாயில்களின் வேகம் பத்து டிகிரிக்கு மூன்று மடங்கு என்ற அளவில் கூடுகிறது, சவ்வின் மின்தேக்குதிறனோ அப்படியே இருக்கிறது. ஆகவே சோடியம் மின்னழுத்தத்தை ஏற்றி முடிப்பதற்குள் அடைக்கும் வாயிலும் பொட்டாசியமும் முந்திக்கொள்கின்றன. இது கணவாய்ச் சமன்பாடுகளின் எல்லை. மனித நரம்பில் அப்படி நேர்வதில்லை. இதையே ஒரு பாடமாக்கியிருந்தால் அருமையாக இருந்திருக்கும். அவர்களோ அதைப் பற்றி ஒரு வரிக் குறிப்புகூட வைக்கவில்லை.

ஐந்தாம் வாரம் துடிப்பின் வேகம் பற்றியது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அளந்த, நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்ற வேகத்தில் தொடங்கி, மனித உடலின் கொழுப்பு மிகுந்த மயலின் உறை போர்த்திய தடித்த இழைகளில் 120 மீட்டர் வரையும், உறையற்ற மெல்லிய இழைகளில் 2 மீட்டருக்கும் குறைவாகவும் இருப்பது வரை தெளிவாகவே சொல்கிறார்கள். முட்டிக்கொண்ட கால்விரலில் தொடுவுணர்வு முதலிலும், மந்தமான வலி சற்றுப் பின்னும் வருவதற்கு இந்த வேறுபாடே காரணம். ஆனால் அசைவுப்படம் குழப்புகிறது. ஒரு தீப்பொறி ஒரு ரான்வியர் கணுவிலிருந்து (மயலின் உறையில் உள்ள இடைவெளி) அடுத்த கணுவுக்குத் தவளைபோல் வெளியே எகிறிக் குதிப்பதாகக் காட்டுகிறார்கள், ஒரு நேரத்தில் ஒரு கணு மட்டும் ஒளிர்வதாகவும். உண்மையில் மின்னோட்டம் ஆக்ஸானின் உட்புறம் வழியாகவே அடுத்த கணுவை எட்டுகிறது. நொடிக்கு 50 மீட்டர் வேகமும், அரை மில்லிநொடித் துடிப்பும், ஒரு மில்லிமீட்டர் கணு இடைவெளியும் என்று வைத்துக்கொண்டால் எந்தக் கணத்திலும் இருபத்தைந்து கணுக்கள் துடிப்பின் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கும். கணக்குப் போட வைத்தே புகழ் தேடிக்கொண்ட பாடத்திட்டம் இந்தக் கணக்கை மட்டும் விட்டுவிட்டது.

ஆறாம் வாரம், ஒரு நரம்பணு அடுத்த உயிரணுவோடு இணையும் இடமான சினாப்ஸ் பற்றியது, அவசரத்தில் தயாரிக்கப்பட்டது என்பது முதல் காணொளியிலேயே தெரிகிறது. 1921இல் ஓட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தை அதன் வேகஸ் நரம்பைத் தூண்டி மெதுவாக்கி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை இரண்டாவது இதயத்தின் மேல் விட்டபோது அதுவும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருளாலும் பேசுகிறது என்பதை நிறுவிய அந்தச் சோதனையை இரண்டு நிமிடத்தில் முடிக்கிறார்கள். அந்த வேதிப்பொருள் அசிட்டைல்கோலின் என்றும் சரியாகச் சொல்கிறார்கள். அடுத்த காணொளியில் நரம்புணர்வு கடத்திகளின் அட்டவணை ஒன்று வருகிறது. அதில் அசிட்டைல்கோலின் "கிளர்ச்சியூட்டுவது" என்ற நிரலில் இருக்கிறது. சற்று முன் இதயத்தை மெதுவாக்கிய பொருள் இங்கே கிளர்ச்சியூட்டுவதாக மாறியது எப்படி என்று யாரும் விளக்கவில்லை. விளைவைத் தீர்மானிப்பது கடத்தி அல்ல, அதை ஏற்கும் புரதம். எலும்புத் தசையில் உள்ள ஏற்பி நேர்மின் அயனிகளுக்கு வழி திறக்கிறது. இதயத்தில் உள்ளது பொட்டாசியத்துக்கு வழி திறக்கச் செய்கிறது. இரண்டாம் வாரத்தை உள்வாங்கிய மாணவர் எந்த அயனிக்கு வழி திறக்கிறது என்று சொன்னாலே மின்னழுத்தம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, பயன்படுத்த வேண்டிய இடத்தில் மனப்பாட அட்டவணையை நீட்டுகிறார்கள். அட்டவணையைச் சுட்டிக்காட்டி எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரு தானியங்கி மடல் வந்தது. அட்டவணை இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடத்தி சிறு பொட்டலங்களாகவே வெளியாகிறது என்று பெர்னார்ட் கட்ஸ் கண்டது பற்றி ஒரு வாக்கியம்தான். தூண்டுதலே இல்லாதபோதும் தசைச் சவ்வில் அரை மில்லிவோல்ட் அளவில் சிறுசிறு அசைவுகள் தோன்றுவதைக் கவனித்து, பெரிய சமிக்ஞை என்பது அவற்றின் முழு மடங்குகளால் ஆனது என்று அவர் காட்டிய வழி, மாணவர்களே வரைகோட்டைப் பார்த்து எண்ணிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று. மென்பொருளில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

தசைச் சுருக்கமும் புலனுறுப்புகளும் பற்றிய ஏழாம், எட்டாம் வாரங்கள் வழக்கமான தரத்தில் இருக்கின்றன. உயிரணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு என்பதையும், அதனால்தான் சிறிதளவு கசிந்தாலும் அது உரத்த சமிக்ஞையாகிறது என்பதையும் சொல்லும் காணொளி மட்டும் நினைவில் நிற்கிறது. இறுதித் தேர்வு முழுக்க நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். பரிசு பெற்ற ஆண்டைக் கேட்கிறார்கள். பொட்டாசியத்தை உயர்த்தினால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. மென்பொருளைத் தொடாமலேயே ஒருவர் முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும்.

தமிழ் வசனவரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றைத் தயாரித்தது இயந்திரம் என்பதில் ஐயமில்லை. ஓய்வுநிலை மின்னழுத்தம் "ஓய்வெடுக்கும் சாத்தியம்" ஆகிறது. சோடியம் கால்வாய் "சோடியம் அலைவரிசை" ஆகித் தொலைக்காட்சிக்குள் நுழைந்துவிடுகிறது. மூன்றாம் வாரத்தில் "அலைவரிசை அடைக்கப்பட்டது" என்ற வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வசனவரிகளை அணைத்துவிட்டேன். பாடநூல்களில் புழங்கும் சொற்களைக் கொண்ட ஒரு பட்டியலை வைத்து ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தியிருந்தால் போதும். அவ்வளவு நல்ல இரண்டாம் வாரம், ஆங்கில விரிவுரையைப் பின்தொடரச் சிரமப்படுபவர்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

செவிலியம், உடற்பயிற்சி மருத்துவம், உயிரியல் பயில்பவர்களும் கற்பிப்பவர்களும் முதல் ஐந்து வாரங்களுக்காக இதில் சேரலாம்; மடக்கையும் சிறு வகுத்தலும் தெரிந்தால் போதும், நுண்கணிதம் தேவையில்லை. சினாப்ஸுக்கு ஒரு நல்ல பாடநூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழுக்காக மட்டும் என்றால் வேண்டாம். முதல் வாரத்தில் கடைசிக் காணொளியை மட்டும் பார்த்துவிட்டு நேராக இரண்டாம் வாரத்துக்குப் போங்கள். விரிவுரையைக் கேட்பதற்கு முன்பே ஊவாபெய்ன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வெப்பநிலையை 6.3 டிகிரியிலேயே விட்டுவிடுங்கள்.